இரண்டாவது ஒடுக்கு

என் தொழிலில் ஒரு அநியாயம் உண்டு. வேலையில் சொதப்பினால் ஊருக்கே தெரியும். ஒழுங்காகச் செய்தால் செய்ததே தெரியாது. காரில் ஒடுக்கு விழுந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் தட்டி, இழுத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பேன். வண்டிக்காரர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கே" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். ஒன்றுமே ஆகாத மாதிரியாம்! அப்படியென்றால் மூன்று நாள் முதுகு ஒடிய உட்கார்ந்திருந்தவள் யாராம்?

என் பெயர் அருள்ராணி. ஊர் ஆவூர். கீரனூர் மெயின் ரோட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு டிங்கரிங் ஷெட் இருக்கிறது. ஆரம்பத்தில் "பொம்பள ஒடுக்கு எடுக்கப் போறாளாம்" என்று சிரித்தவர்களெல்லாம் இன்றைக்கு என் ஷெட் வாசலில்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வருகிறார்கள்.

போன வருடம் எனக்கு நாற்பத்தேழு முடிந்தது. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். அடுத்தவர் காரை ஒன்றும் ஆகாததுபோல ஆக்கியது போதும், என் பெயர் சொல்ல ஒரு கார் செய்ய வேண்டும். இரண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது. மூக்கு நீளம், வால் குட்டை, தரையை ஒட்டின உயரம். அறுபதுகளில் வந்த ஸ்போர்ட்ஸ் கார் தினுசு, ஆனால் எந்தக் காரின் நகலும் இல்லை. பார்க்கிறவன் "இதை யார் செஞ்சது?" என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் அருள்தாஸ் சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார். வீடியோ காலில் விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு சீட்டா? அப்ப மெர்லினை எங்க ஒக்கார வைப்ப?" என்றார். மெர்லின் எங்கள் மகள், திருச்சியில் படிக்கிறாள்.

"அவ பஸ்ல வரட்டும்" என்றேன்.

ஷெட்டில் ஒரு மூலையைக் காலி பண்ணி, சிமென்ட் தரையில் சாக்பீஸால் காரை முழு அளவில் வரைந்தேன். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து பார்ப்பதுபோல ஒன்று. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கால் நீட்டி, பிரேக் எங்கே வரும், ஸ்டீயரிங் எங்கே வரும் என்று குறித்தேன். இருபது நாள் அழித்து அழித்து வரைந்தேன். வேலைக்கு வந்த வண்டிகளையெல்லாம் வெயிலில் நிறுத்தியதால் நாலு பேரோடு சண்டை.

தகடு தட்ட ஒரு மரக்கூடு வேண்டும். காரின் வடிவத்தில் மரச் சட்டங்களால் ஒரு எலும்புக்கூடு செய்து, தட்டுகிற தகட்டை அதன்மேல் வைத்து வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதற்கு நல்லதம்பியைப் பிடித்தேன். குன்றாண்டார்கோவில்காரன், தேர் வேலை செய்கிற ஆசாரி, என்னைவிட நாலு வயது இளையவன். தேரில் வளைவு நெளிவெல்லாம் செய்த கைக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் அவனுக்கு வாய் நீளம்.

"கதவு அடிச்சட்டம் இம்புட்டு தாழ்வா எதுக்குக்கா? போட்டோல பாத்த காருல எல்லாம் ஒசரமா இருக்கு. தாண்டிக் குதிச்சு ஏறுறாய்ங்க."

"அவய்ங்க பேன்ட் போட்டுருக்காய்ங்க. பொடவை கட்டுனவ குதிக்கவா முடியும்? சேலை கட்டிக்கிட்டு சாதாரணமா ஏறி ஒக்காரணும். இறக்கு."

அவன் இறக்கினான். அதுதான் எங்கள் காரின் முதல் தனி அம்சம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இந்த மாதிரிக் காரை அடியிலிருந்து புதிதாகச் செய்ய முடியாது. சேஸிஸ், இஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில் எல்லாம் ஒரு பழைய காரிலிருந்து வர வேண்டும். அதற்கு டோனர் கார் என்று பெயர். அந்தக் காரின் ஆர்.சி. புக் கையில் இருந்தால்தான் பாடி மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நிற்கவே முடியும். எங்களுக்கு வேண்டியது ஹெரால்டு என்கிற அந்தக் காலத்துக் கார். இந்தக் காலத்துக் கார்களில் பாடியைக் கழற்றினால் காரே இருக்காது. ஹெரால்டில் அப்படியில்லை. போல்ட்டுகளைக் கழற்றிப் பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டால், அடியில் ஒரு முழு வண்டி சக்கரத்தோடு நிற்கும். அதன்மேல் நம் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

விராலிமலைப் பக்கம் ஒரு ஹெரால்டு இருந்தது. தருகிறேன் என்று அந்த ஆள் வாய் நிறையச் சொன்னார். அந்த நம்பிக்கையில் நல்லதம்பி மரக்கூட்டை ஹெரால்டு அளவுக்கே செய்து முடித்துவிட்டான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஏழடி ஏழரை அங்குலம், ஒரு நூல் பிசகில்லை. வண்டியை எடுக்கப் போனால், முதல் நாள்தான் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டாராம். ரோடு என்றும் பார்க்காமல் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். திட்டி என்ன பண்ண? ஆறு மாதம் தேடினோம். மதுரை, காரைக்குடி, தஞ்சாவூர் எங்கும் இல்லை. இருந்தவர்கள் தரவில்லை. மரக்கூடு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஷெட்டில் கிடந்தது. ஹெரால்டு கிடைக்காவிட்டால் அது விறகு. என் காரும் சாக்பீஸ் கோட்டோடு சரி.

அப்போதுதான் ஒரு பால் வண்டி டிரைவர் சொன்னார், ஆவுடையார்கோவிலில் ஒரு ரிட்டயர்டு மாட்டு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு பதினைந்து வருடமாக நிற்கிறது என்று. மறுநாள் காலையிலேயே நானும் நல்லதம்பியும் என் ஆம்னி வேனில் கிளம்பிவிட்டோம்.

"உருவமே இல்லாத சாமியைக் கும்புடுற ஊருக்கா அது. கருவறையில லிங்கம் கெடையாது, வெறும் ஆவுடைதான். காரோட உருவத்தைக் கழட்டுறதுக்கு இதைவிட ராசியான ஊரு எங்க இருக்கு?" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

"மொதல்ல காரு கெடைக்கட்டும். அப்பறம் கழட்டு" என்றேன்.

டாக்டர் பெயர் ஆத்மநாதன். எழுபத்தெட்டு வயது, முதுகு வளையாத ஆள். அவர் மனைவி பிரகதாம்பாள், எங்களைக் கண்டதும் உட்காரச் சொல்லிவிட்டு மோர் எடுக்க உள்ளே போனார். டாக்டர் நேராகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். வெளிர் நீல ஹெரால்டு. ஓர் அங்குலத் தூசி. நான்கு டயரிலும் காற்று இல்லை. ஆனால் தூசிக்கு அடியில் உடம்பு அப்படியே இருந்தது. ஆத்தாடி, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எண்பத்தியாறுல செகண்ட் ஹேண்டா வாங்குனேன்" என்றார். "இந்தப் பக்கம் நான் போகாத ஊரு கெடையாது. இந்த ஸ்டீயரிங்கை என் கையைத் தவிர வேற ஒரு கை தொட்டதில்ல. டிரைவரையும் விட்டதில்ல, மெக்கானிக்கையும் ஓட்ட விட்டதில்ல. எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன்."

நான் என் திட்டத்தைச் சொன்னேன். போனில் இருந்த மரக்கூட்டின் படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பெரிதுபண்ணிப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நெறையப் பேரு வந்து கேட்டுட்டானுங்க. எல்லாம் வாயால பேசுறவனுங்க. நான் முப்பத்தியஞ்சு வருசம் மாட்டைக் கையால பாத்தவன். அது வாயத் தொறந்து இங்கதான் வலிக்குதுன்னு சொல்லாது. கை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். ஒன் கையைக் காட்டு பாப்போம். இந்தக் காரு ஒரே ஒரு தடவ அடிபட்டுருக்கு. எங்கன்னு தடவிச் சொல்லு. சொல்லிட்டீன்னா கார எடுத்துக்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதுவா பரீட்சை? என் தொழிலே இதுதானே! கண் ஏமாற்றும், பெயின்ட் பளபளப்பு ஏமாற்றும், உள்ளங்கை ஏமாற்றாது. ஈரத் துணி வாங்கித் தூசியைத் துடைத்தேன். என் பையிலிருந்து பழைய வேட்டித் துணியை எடுத்து உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மெல்லிய துணி நடுவே இருந்தால் மேடு பள்ளம் இன்னும் துல்லியமாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முன்னே, பின்னே, கீழே என்று முழுக் கையையும் பதித்து மெதுவாக இழுத்தேன். காரைச் சுற்றி வர அரைமணி நேரம் ஆனது. பிரகதாம்பாள் மோர் டம்ளர்களோடு வந்து டாக்டருக்குப் பின்னால் நின்றது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

கண்ணைத் திறந்தேன். "ஒரு எடம் இல்லீங்க சார். ரெண்டு எடம்" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

"ரெண்டா?"

"இடது பக்கம் பின் கதவு. கூரா ஏதோ ஒண்ணு உள்ள போயி வந்துருக்கு. கொம்பு மாதிரி."

டாக்டர் கைதட்டியே விட்டார். "மஞ்சுவிரட்டுக்கு ட்யூட்டி போன எடத்துல ஒரு காளை குத்துனது! சபாஷ்! அதான், அது ஒண்ணுதான்."

"இல்லீங்க. இன்னொண்ணு, வலது பின் மட்கார்டு. வீலுக்குப் பின்னாடி, தாழ்வா, உள்ளங்கை அகலத்துக்கு. அது அப்பறமா நடந்தது. வேலை ரொம்ப நல்ல வேலை. செஞ்சவரு லேசுப்பட்ட ஆளில்லீங்க."

அவர் முகம் மாறியது. "இல்லவே இல்ல. நான்தானே ஓட்டுனேன்? எனக்குத் தெரியாம எப்புடி? இருக்குற நோயைக் கண்டுபிடிக்காத டாக்டரக்கூட மன்னிக்கலாம்மா. இல்லாத நோய்க்கு ஊசி போடுறவனை நம்ப முடியாது. ஒண்ணைக் கண்டுபிடிச்ச ஜோருல இன்னொண்ணை அடிச்சு விடுற பாத்தியா, அதான் எனக்குப் புடிக்கல."

என் காது சூடேறியது. அடித்து விடுகிறேனா? நானா? பையில் காந்தம் இருந்தது. தகட்டில் ஒட்டும், பட்டி கனமாக இருக்கிற இடத்தில் ஒட்டாமல் விழும். ஒரு நிமிடத்தில் நிரூபித்துவிடலாம். பைக்குள் கையை விட்டேன். அப்போதுதான் டாக்டரின் தோளுக்கு மேலே பிரகதாம்பாளின் முகத்தைப் பார்த்தேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். லேசாகத்தான் ஆட்டினார், ஆனால் கண் முழுக்கக் கெஞ்சல். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேறு ஒரு கை தொட்டதில்லை என்று மனிதர் ஊரெல்லாம் பெருமை பேசிய ஸ்டீயரிங்கை எந்தக் கை தொட்டிருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"அக்கா, காந்தத்தை எடுங்கக்கா!" என்று நல்லதம்பி பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தான்.

காந்தத்தை எடுத்தால் கார் எனக்கு. எடுக்காவிட்டால் மரக்கூடு விறகு, அதோடு என் கை தப்பு என்ற பெயரும். என் கை தப்பு என்று நான் பிறந்ததிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதைவிட அந்தக் கையை வெட்டிப் போடலாம் என்றுதான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கையில் காந்தத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு தடவை மூச்சு விட்டேன்.

பிறகு காந்தத்தை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன். "கை தப்பிருச்சுங்க சார். ஒரு எடம்தான்."

நல்லதம்பி என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அப்ப காரு கெடையாது, போயிட்டு வாங்க" என்றார் டாக்டர். மோர் குடிக்காமலே வாசலுக்கு வந்தோம். வேனில் ஏறினதும் அவன் பொரிந்து தள்ளினான்.

"ஒங்களுக்கு என்னக்கா கிறுக்கா புடிச்சிருக்கு? பாத்துப் பாத்துச் செதுக்குனேனே, என் வேலைக்கு என்ன மரியாதை?"

"வாயை மூடிக்கிட்டு வாடா" என்றேன். எனக்குக் கண் கலங்கி ரோடே தெரியவில்லை. சாவியைத் திருகினேன்.

"நில்லுங்க! ஏம்மா, நில்லு!"

பிரகதாம்பாள் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே டாக்டர் என்ன ஏது என்று புரியாமல் வந்தார். அந்த அம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

"ஏங்க, இவ கை தப்பல. நான்தான் இடிச்சேன்."

"எதை?"

"காரை. தொண்ணூத்தி மூணுல நீங்க பத்து நாளு மெட்ராசுக்கு ட்ரெய்னிங் போனீங்கள்ல, அப்ப. கொட்டகையிலேருந்து பின்னாடி எடுத்தேன். மாடு கட்டுற அந்தக் கல்தூணுல இடிச்சிட்டேன்."

"நீ எதுக்குக் காரை எடுத்த? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"ஆசைதான். வேற என்ன? பக்கத்துல ஒக்காந்து ஒக்காந்து நீங்க ஓட்டுறதைப் பாத்தே பழகிக்கிட்டேன். ஒங்கக்கிட்ட கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

டாக்டர் விறுவிறுவென்று கொட்டகைக்குப் போனார். நாங்களும் போனோம். வலது பின் மட்கார்டுக்கு முன்னால் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். மறுபடி தடவினார். என்னிடமிருந்து வேட்டித் துணியை வாங்கி வைத்துத் தடவினார். முப்பத்தைந்து வருடம் மாடு பார்த்த கை.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றார்.

நான் காந்தத்தைக் கொடுத்தேன். மட்கார்டு மேலே ஒட்டியது, பக்கத்தில் ஒட்டியது, வீலுக்குப் பின்னால் நான் சொன்ன இடத்தில் வைத்ததும் கீழே விழுந்தது. எடுத்து வைத்தார். விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்த பிறகு மெல்ல எழுந்தார்.

"யாரும்மா செஞ்சது?" என்று நான் பிரகதாம்பாளைக் கேட்டேன். எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"அறந்தாங்கியில ஒருத்தரு. இவுக வர்றதுக்குள்ள முடிச்சிரணும்னு அழுதேன். ரெண்டு ராத்திரி முழிச்சுச் செஞ்சு, வீட்டுக்கே கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. பேருகூடக் கேக்கலம்மா."

அடப்பாவி மனுஷா! முப்பது வருடமாக ஒரு டாக்டரின் கண்ணுக்கும் கைக்கும் தப்பிய வேலையைச் செய்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போயிருக்கிறாய். "அந்த மட்கார்டை நான் வெட்டிப் போட மாட்டேன்" என்றேன். "என் காருலயும் அது இருக்கும். யாரு கேட்டாலும் மொதல்ல அதைத்தான் காட்டுவேன்."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு தப்புன்னு சொன்ன?"

நான் பிரகதாம்பாளைப் பார்த்தேன். டாக்டர் கேட்டதற்கு அதுவே பதில்.

"காரு ஒனக்குத்தான்" என்றார். "ஆர்.சி. புக்கு பீரோவுல இருக்கு. எடுத்தாரேன்."

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றார் பிரகதாம்பாள். "செஞ்சு முடிச்சதும் ஒருக்கா நான் ஓட்டணும்."

"நீங்கதாம்மா மொதல்ல" என்றேன். நல்லதம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "பொடவையோட ஏறுறாப்லதான் கதவு வச்சிருக்கேன். ஒங்களுக்குன்னே செஞ்ச மாதிரி" என்றான். ஆறு மாதம் முன்னால் அதற்கு எவ்வளவு முணுமுணுத்தான் என்பது எனக்குத்தானே தெரியும்!

சேஸிஸில் துரு எவ்வளவு என்று பார்க்க வெளிச்சம் வேண்டியிருந்தது. காரை வெளியே தள்ளியாக வேண்டும். வேனிலிருந்து பம்பை எடுத்து டயர்களுக்குக் காற்றடித்தோம். பிரேக் பிடிக்காது, அதனால் நல்லதம்பி சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கட்டையோடு நின்றான். பின்பக்கமாக எடுத்து, அதே கல்தூணைச் சுற்றித் திருப்ப வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடிக்க டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"நகருங்க" என்றார் பிரகதாம்பாள்.

அவர் நகர்ந்தார். அந்த அம்மா முந்தானையை இடுப்பில் சொருகி, ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பிறகு சீட்டுமேல் ஒரு கையைப் போட்டுப் பின்னால் திரும்பி, "ம், தள்ளுங்க" என்றார். நானும் டாக்டரும் மூக்குப் பக்கம் நின்று தள்ளினோம். கார் முனகிக்கொண்டே நகர்ந்தது. தூண் நெருங்க நெருங்க டாக்டர், "ஒடி, ஒடி, பாத்து, பாத்து!" என்று கத்தினார். அந்த அம்மா காதில் வாங்கவே இல்லை. தூணுக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டு, ஹெரால்டை அழகாக ஒடித்துத் திருப்பி, வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

டாக்டர் மூச்சு வாங்க வந்து நின்றார். பிரகதாம்பாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"வந்து தடவிப் பாருங்க," என்றார், "எங்கயாச்சும் இடிச்சிருக்கான்னு."